முதியோர் தீர்ப்பாயம்: வக்கீல் தேவையில்லை, பத்திரத்தில் ஒரு வரி தேவை

பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்றால் கோர்ட் படி ஏறி, வக்கீலுக்கு அழுது, வாய்தா வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நினைப்பு நம் நெல்லைச் சீமையில் இன்னும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகு அதற்கு அவசியமில்லை. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத்தை நடத்துகிறார். 17-ஆம் பிரிவுப்படி இரண்டு தரப்பும் வக்கீல் வைத்து வாதாட முடியாது. வேண்டுமென்றால் மாவட்ட சமூகநல அலுவலரைப் பெற்றோர் தம் சார்பில் பேசச் சொல்லலாம். ஒரு சேவையாகப் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். குறைகிற ஒன்றரையில் பாதி சட்டத்தின் குறை, மீதி மனு எழுதுகிறவர்களின் குறை.

யார் எங்கே போவது? திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர் தாலுகாக்காரர்களுக்குத் திருநெல்வேலி கோட்டம். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சேரன்மகாதேவி கோட்டம். உவரியில் இருக்கிற எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு விசாரணைக்கும் சேரன்மகாதேவிக்கு பஸ் மாறிப் போய்வருவது சின்ன வேலையில்லை. வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்துவிட்டு வருவோரும் உண்டு. அந்த மனுவும் சுற்றிக்கொண்டு கோட்டாட்சியரிடம்தான் வரும், நாள்தான் வீணாகும். நேரே அங்கேயே கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்வதே மேல்.

பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்கவேண்டும், தேவைப்பட்டால் ஒருமுறை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம் என்கிறது சட்டம். கவனியுங்கள், மனுக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. நோட்டீஸ் சேராமல் திரும்பிவந்தால் கணக்கே தொடங்காது. மகன் சென்னையிலோ துபாயிலோ இருக்க, மனுவில் ஊர் வீட்டு விலாசத்தை மட்டும் எழுதினால் இதுதான் நடக்கும். இப்போது குடியிருக்கும் வீட்டு விலாசம், வேலை பார்க்கும் இடம், செல் நம்பர் மூன்றையும் எழுதுங்கள்.

இன்னொரு தவறு, மகன்களை மட்டும் எதிர்மனுதாரராகப் போடுவது. “பொம்பளப் புள்ளைய எதுக்குல இழுக்க?” என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும்தான், மைனரைத் தவிர. மகளை விட்டுவிட்டால், அவளையும் சேர்க்கவேண்டும் என்று மகனே மனுப்போடுவான். அதில் ஒரு மாதம் ஓடும். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் மீது ஜீவனாம்சம் கேட்டால் நிற்காது.

மனுவில் “என்னைக் கவனிப்பதில்லை” என்று ஒற்றை வரி எழுதினால் விசாரணையில் பிடிமானம் இருக்காது. எந்த மாதத்திலிருந்து சாப்பாடு நின்றது, யார் கரண்டைத் துண்டித்தது, எந்த ஆஸ்பத்திரியில் யார் பணம் கட்டியது என்று தேதியோடு எழுதவேண்டும். அடியில் மாதச் செலவைக் கணக்காகப் போடுங்கள்: சுகர், பிரஷர் மாத்திரை இவ்வளவு, பால் இவ்வளவு, வாடகை இவ்வளவு. மருந்துக்கடை பில்லும் வங்கி பாஸ்புக் நகலும் கூட இருக்கட்டும். தீர்ப்பாயம் தரக்கூடிய உச்சத்தொகை மாதம் 10,000 ரூபாய் என்று 9-ஆம் பிரிவு கட்டிவைத்திருக்கிறது. டயாலிசிஸ் செய்யும் வீட்டுக்கு இது எந்த மூலைக்கு? இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இது. விசாரணை முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்.

உண்மையான சண்டை சாப்பாட்டில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த பிறகு திண்ணைக்குத் தள்ளப்பட்டவர்களுக்கு 23-ஆம் பிரிவு கைகொடுக்கும். சட்டம் அமலுக்கு வந்தபின் எழுதிய பத்திரமாக இருக்கவேண்டும். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்கவேண்டும். பிள்ளை அதை மீறியிருக்கவேண்டும். மூன்றும் இருந்தால் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். இடறுவது அந்த நடு நிபந்தனையில். நம் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும் வரி “இந்த செட்டில்மெண்டை ரத்து செய்ய எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை” என்பது. பராமரிப்பைப் பற்றி ஒரு சொல் இருக்காது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபித்தே ஆகவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுத்ததே மறைமுக நிபந்தனைதான் என்றது. காற்று இப்போது முதியவர் பக்கம் வீசுகிறது. ஆனாலும் காற்றை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள். இனி எழுதுகிறவர்கள் பத்திர எழுத்தரிடம் இப்படிக் கேட்டு எழுதவையுங்கள்: “என் ஆயுள்வரை இந்த வீட்டில் நானே குடியிருந்து அனுபவிப்பேன், உணவு, உடை, மருத்துவம் தந்து என்னைப் பராமரிக்கவேண்டும், தவறினால் இது ரத்தாகும்.” அதற்கு மகன் முகம் சுளித்தால் எழுதுவதையே தள்ளிப்போடலாம்.

மனுப்போடும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீடு பேங்கில் அடமானத்தில் இருந்தாலோ மூன்றாம் ஆளுக்கு விற்றிருந்தாலோ சிக்கல் வேறு மாதிரி. ரத்து உத்தரவு கிடைத்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், சார்பதிவாளர் ஆபீசில் பதிவுசெய்து வில்லங்கத்தில் ஏறவைத்து, பட்டாவையும் பழைய பெயருக்கு மாற்றவேண்டும். பட்டா மகன் பேரிலேயே கிடந்தால் அடுத்த வம்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

வீட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவு கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மகனோடு மருமகளும் குடியிருந்தால், குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவளுக்குள்ள குடியிருப்பு உரிமையைப் பார்க்காமல் வெளியேற்ற முடியாது என்று 2020-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உத்தரவு வந்தும் மகன் பணம் தரவில்லையா? தவணை தவறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் சொல்லவேண்டும்; தராதவனுக்கு ஒரு மாதம்வரை சிறை உண்டு. தீர்ப்பில் திருப்தியில்லை என்றால் 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். மனு எழுத ஆளில்லாத பாட்டிகள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100-இல் கூப்பிடலாம். பெண்களிடம் அங்கே வருமான வரம்பு கேட்கமாட்டார்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. கைநீட்டும் மகன் என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல் 112.