உறையைத் திறந்தால் பணம் வராது என்பவரிடம் நாணயம் வாங்காதீர்கள்

தங்களைத் தாங்களே நாடு என்று அறிவித்துக்கொண்ட, மற்ற நாடுகள் ஏற்காத குட்டி நாடுகளின் நினைவு நாணயங்களைச் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் அப்படி ஒன்று வாங்கினேன். '999 தூய வெள்ளி, எண்ணிட்ட சான்றிதழ், சட்டப்படி செல்லும் பணம்' என்று விளம்பரம். வந்த நாணயம் பளபளவென்றுதான் இருந்தது. சான்றிதழில் வரிசை எண் இருந்தது, ஆனால் அடித்த நாணயச்சாலையின் பெயர் இல்லை. அதனால்தான் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துச் சோதித்தேன்.

காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, சரி. செம்பும் ஒட்டாது, செம்பு-நிக்கல் கலவையும் ஒட்டாது. அடர்த்தியைப் பாருங்கள். முதலில் நுண்ணிய டிஜிட்டல் தராசில் நாணயத்தை எடை போடுங்கள். அப்புறம் அதே தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, நாணயத்தின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர். எடையை அதால் வகுத்தால் தூய வெள்ளிக்கு 10.5ஐ ஒட்டி வர வேண்டும். எனக்கு வந்தது 8.9. உள்ளே செம்போ செம்பு-நிக்கலோ, மேலே வெள்ளி முலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'உறையைத் திறந்துவிட்டீர்கள், இனி எடுக்க மாட்டோம்' என்றார்கள். திறக்காமல் எப்படிச் சோதிப்பது என்றதற்குப் பதிலே இல்லை. விளம்பரத்தில் மட்டும் 'வெள்ளி' சத்தமில்லாமல் 'வெள்ளிப் பூச்சு' ஆகிவிட்டது!

இந்த வகை நாணயங்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. இங்கிலாந்துக் கரையை ஒட்டிய லண்டி தீவின் உரிமையாளர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் 1929இல் தன் பெயரில், பஃபின் என்ற கடற்பறவையின் உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டார். பிரிட்டிஷ் நீதிமன்றம் அபராதம் போட்டது. அந்த வெண்கலக் காசுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். இங்கிலாந்துக்கு அருகே கடலில் உள்ள சீலேண்ட் என்ற குட்டி நாட்டின் நாணயங்களுக்கும் ஆள் உண்டு. ஆனால் 'செல்லும் பணம்' என்ற பேச்சுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த ஹட் ரிவர் என்ற குட்டி நாடு 2020இல் கலைந்தே போனது. அதன் நாணயத்தில் பொறித்த முகமதிப்பை இனி யாரிடம் போய்க் கேட்பது? உலோகத்தின் விலையும், இன்னொரு சேகரிப்பாளர் தர முன்வரும் தொகையும்தான் கணக்கு.

வாங்கும்போதே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடை, விட்டம், உலோகம், நாணயச்சாலை நான்கையும் எழுத்தில் கேளுங்கள், உறையைத் திறந்தாலும் திருப்பி எடுப்பார்களா என்பதையும் சேர்த்து. பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் எடைபோட்ட வீடியோவும் என்னிடம் இருந்ததால் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.