தலையில் கட்டும் கடையா, தட்டிக் கழிக்கும் கடையா? சென்னையில் சைக்கிள் வாங்கும் வழிகள்: ஓர் அலசல்

“சார், இது 21 கியர். டபுள் டிஸ்க். முன்னாடி சஸ்பென்ஷன். இதைவிடக் கம்மியா எடுத்தீங்கன்னா மூணு மாசத்துல நீங்களே வந்து மாத்துவீங்க.”

சென்னையில் சைக்கிள் ஷோரூமுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு தொடங்கும். எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், உயரம் என்ன, வீடு எத்தனையாவது மாடி என்ற கேள்விகள் பிறகு வரும். பல கடைகளில் வராமலே போகும். தெருமுனைக் கடையில் வசனம் வேறு. டெகத்லான் மாதிரி விளையாட்டுப் பொருள் பெருங்கடையில் வசனமே கிடையாது. ஆன்லைனில் பேச ஆளே கிடையாது.

பேச்சு குறைந்த இடம்தான் நல்ல இடம் என்று தோன்றும். நான் பார்த்தவரை கணக்கு அப்படி வரவில்லை. வாங்கும்போது நச்சரித்தவர்களில் சிலர், ஆறு மாதம் கழித்து “கியர் குதிக்குது” என்று போய் நின்றால் ஸ்பேனரோடு எழுந்து வருகிறார்கள். நச்சரிக்காமல் விட்ட இடத்தில், கோளாறு வந்த பிறகும் நம்மை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆகவே விற்கும் விதத்தையும் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

தெருமுனைக் கடை, ரத்தன் பஜார்

சைக்கிள் செய்த ஊர் இது. டிஐ சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் அங்கிருந்து வந்தவை. அந்த வண்டிகளில் கைபழகிய மெக்கானிக்குகளுக்குச் சக்கர அச்சில் இருக்கும் கோன் என்ற கூம்பு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகள் தேய்ந்துவிட்டனவா என்பதெல்லாம் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தாலே தெரிந்துவிடும். வீல் கோட்டம் எடுப்பதற்கு இவர்களுக்குக் கருவி வேண்டாம். பிரேக் கட்டையே அளவுகோல்.

இவர்களிடம் அழுத்தம் ஒரே வகை: கடையில் இருப்பதுதான் நல்ல சைக்கிள். நான்கு வண்டி நிற்கிறது, நான்கில் ஒன்றை நீங்கள் எடுத்தாக வேண்டும். “தம்பி, இது இரும்பு ஃப்ரேம், கெட்டி. அலுமினியமெல்லாம் சீனுக்குத்தான்.” இதில் பாதி உண்மை உண்டு. பால், தண்ணீர் கேன், பள்ளிக்கூடப் பை சுமக்கும் வண்டிக்கு இரும்பே போதும்.

பார்க் டவுனில் ரத்தன் பஜார் பக்கம் போனால் தேர்வு அதிகம், விலை இறங்கும். ஆனால் கவனம் வேண்டும். முதலில் சொல்லும் விலை வெறும் சைக்கிளுக்கு. பிறகு ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பெல், பூட்டு, சீட் கவர், ஃபிட்டிங் கூலி என்று ஒவ்வொன்றாக மாட்டும்போது பில்லும் கூடவே வளரும். “எல்லாம் மாட்டி ரோட்டுல இறக்க எவ்வளவுண்ணா?” என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரிஃப்ளெக்டருக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது சைக்கிளோடு வர வேண்டிய பொருள். அதன் தரத்துக்கு 2020இல் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறது.

சேவை என்று வந்தால், கியர் இல்லாத வண்டிக்குத் தெருமுனைக் கடையை மிஞ்ச ஆளில்லை. விற்றவரே பஞ்சர் ஒட்டுகிறார், அவரே ஓவராயில் பண்ணுகிறார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருப்பதே இவர்கள் தயவில்தான். கியர் வண்டி கொண்டுபோனால் கதை மாறலாம். கேபிள் தளர்ந்ததால் வரும் கோளாறுக்கு, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் டெரெய்லரில், அது எதுவரை நகரலாம் என்று எல்லை கட்டும் லிமிட் ஸ்க்ரூ இரண்டையும் திருகிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர் பக்கம் இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்றுச் சுற்றினால் முடிகிற வேலை அது. பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு உள்ள டியூப் என்றால் காற்றடிக்கவே முடியாமல் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு விரல்நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. விலை சொற்பம், சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளலாம்.

ஷோரூம்

அழுத்தம் அதிகமும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் ஆயுதம் கியர் எண்ணிக்கை. 21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பெருக்கினால் 21 வரும், ஆனால் பல கியர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுபவை. சென்னையில் நீங்கள் ஏறப்போகும் பெரிய மேடு கத்திப்பாரா மேம்பாலம். (பரங்கிமலை மேல் வீடு இருப்பவர்கள் மன்னிக்க.) முன்னால் ஒன்று, பின்னால் ஏழு இருந்தாலே தாராளம், கோளாறாகும் இடமும் பாதியாகக் குறையும். இதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். அவர் கையில் இருப்பது 21.

இரண்டாவது சஸ்பென்ஷன். விலை குறைந்த வண்டியில் வரும் ஃபோர்க் உள்ளே இருப்பது இரும்புச் சுருள். அது மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். பெடலை மிதிக்கும் வேகத்தில் ஒரு பங்கை அது அமுங்கியே தின்றுவிடும். லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்கிப் போகிறவருக்கு அந்த இரண்டு கிலோவின் அருமை தெரியும். டிஸ்க் பிரேக்கை நான் அவ்வளவு எளிதில் தள்ளமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்திருக்கும்போது டிஸ்க் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அடிமட்ட விலையில் வரும் டிஸ்க் அடிக்கடி உரசும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். அதே காசுக்கு, ரிம்மைக் கட்டையால் பிடிக்கும் நல்ல வி-பிரேக் கிடைத்தால், தேய்ந்த கட்டையை எந்தத் தெருவிலும் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் உண்மையில் கெடுதல்: அளவு. “26 இன்ச்” என்று கடையில் சொல்வது சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃப்ரேமின் அளவு. அது 15, 17, 19 என்றோ எஸ், எம், எல் என்றோ தனியாக இருக்கும். கையிருப்பில் பெரிய ஃப்ரேம்தான் இருக்கிறது என்றால் “சீட்டை இறக்கிக்கலாம் சார்” என்பார்கள். சீட்டு இறங்கும், ஹேண்டில்பார் கிட்டே வராது. எட்டிப் பிடித்தே ஓட்டினால் ஒரே மாதத்தில் கழுத்தும் தோளும் பேசத் தொடங்கும். இரண்டு பாதமும் தரையில் பதிய, மேல்குழாய்க்கு மேலே நின்று பாருங்கள். இடைவெளி இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி உங்களுடையதல்ல.

குழந்தைகள் விஷயத்தில் இதே பொய்க்குப் பெற்றோரே கூட்டு. “வளர்ற பையன் சார், ஒரு சைஸ் பெருசா எடுங்க” என்றால் சட்டை எடுக்கிற பழக்கத்தில் நாமும் தலையாட்டிவிடுகிறோம். கால் எட்டாத வண்டியில் பையன் விழுவான், பிறகு பால்கனியில் துணி காயப்போடத்தான் அது உதவும்.

அக்கா மகளுக்கு வண்டி பார்க்கத் தென்சென்னையில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். ஓட்டப்போகிறவள் அவள், கேள்வியெல்லாம் என்னிடம். அவள் ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, விற்பனையாளர் கூடை வைத்த ரோஸ் நிற வண்டியை என் முன்னால் உருட்டிக்கொண்டு வந்தார். “ஆஃபர் இன்னைக்கு வரைக்கும்தான் சார்.” அடுத்த வாரமும் அந்த ஆஃபர் அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஷோரூமை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இங்கே பெரும்பாலும் இலவச சர்வீஸ் உண்டு, அதில் முதல் சர்வீஸ் நிஜமாகவே முக்கியம். புது கேபிள் சில வாரம் ஓடியதும் படிந்து தளரும், ஸ்போக்ஸும் உட்காரும்; அப்போது ஒருமுறை சரிசெய்தால் வண்டி நெடுநாள் தொல்லை தராது. ஆனால் இலவசம் என்பது கூலிக்குத்தான். மாற்றும் சாமானுக்குக் காசு. அதைவிடப் பெரிய கேள்வி, மெக்கானிக் கடையிலேயே இருக்கிறாரா என்பது. “வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார் சார்” என்ற பதில் வந்தால், இலவச சர்வீஸெல்லாம் காகிதத்தில்தான். மெக்கானிக் உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால், அவர்கள் விற்கும் வருடாந்திர சர்வீஸ் பேக்கேஜ்கூட லாபமாக அமையலாம். விற்ற பையன் வேறு கடைக்குப் போயிருப்பான். மெக்கானிக்குகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஷோரூமை மெக்கானிக்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

பெருங்கடை

டெகத்லானில் விற்பனையாளர் நச்சரிப்பதில்லை என்று பலரும் சொல்வது சரிதான். காரணம் எளியது. அங்கே சைக்கிள் பகுதியில் நிற்பவை அநேகமாக அவர்களுடைய சொந்த பிராண்டுகள். எந்த வண்டியை எடுத்தாலும் காசு ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது. ஒரு பிராண்டை உயர்த்தி இன்னொன்றை மட்டம்தட்டும் தேவை இல்லை. விலை அட்டையில் இருப்பதுதான் விலை, பேரம் கிடையாது. உள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். ஃப்ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. பெண்கள் தனியாகப் போய் நிதானமாகப் பார்த்து வாங்க வசதியான இடமும் இதுதான் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

அழுத்தம் வேறு உருவில் இருக்கிறது. சைக்கிளிலிருந்து பில் கவுன்டர் வரைக்கும் போகும் வழியில் பாட்டில், கையுறை, லைட், பஞ்சு வைத்த ஷார்ட்ஸ். யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கூடை மட்டும் நிறைந்திருக்கும்.

சிக்கல் தூரம்தான். பெரிய கடைகள் ஊருக்கு வெளிப்புறத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கும். பின்சக்கரம் நெளிந்த வண்டியை அங்கே எப்படிக் கொண்டுபோவது? அதோடு, பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு மாதிரி. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான்; தெருமுனையில் கிடைக்காது. எந்தக் கடையில் கியர் வண்டி வாங்கினாலும் உபரியாக ஒரு ஹேங்கரைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஓட்டுகிறவர்களே நடத்தும் கடை

ஞாயிறு விடியலில் ஈசிஆரில் பறப்பவர்களும், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களும் போகும் சிறு கடைகள் இவை. நடத்துகிறவரும் அவர்களில் ஒருவராகவே இருப்பார்.

இங்கே யாரும் “கடைசி பீஸ்” என்று சொல்வதில்லை. மாறாக, “உங்க பட்ஜெட் ஓகே. ஆனா இன்னும் பத்தாயிரம் போட்டீங்கன்னா...” என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். ஷிமானோ கம்பெனியின் கியர் வரிசையில் கீழ்ப்படியான கிளாரிஸ் பார்க்கப் போனவர் அடுத்தடுத்த படிகளான சோராவைத் தொட்டு, டியாக்ராவை நினைத்து, 105 உள்ள வண்டிக்கு இஎம்ஐ போட்டுக்கொண்டு வெளியே வருவார். சொன்னவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் ஆபத்து. ஒவ்வொரு படியும் உண்மையிலேயே மேல். உங்களுக்குத் தேவையா என்பது மட்டும் பேச்சில் நழுவிப்போகிறது. இன்னொரு குறை, சில கடைகளின் அலட்சியம். எட்டாயிரம் ரூபாய் வண்டியை உள்ளே உருட்டினால் “இதெல்லாம் நாங்க தொடறதில்லை சார்” என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் வேலை என்றால் வேலை. கால் அளவெடுத்து சீட் உயரம் வைப்பார்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்குவார்கள், புது வண்டியானாலும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைச் சுற்றிப் பார்த்துக் கோன் இறுக்கமாக இருந்தால் தளர்த்திவிட்டுத்தான் கொடுப்பார்கள். என்ன செய்தோம் என்று சொல்லியும் தருவார்கள். இருபதாயிரத்துக்கு மேல் கியர் வண்டி என்றால் நான் இங்கேதான் போவேன், பட்ஜெட்டை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

ஆன்லைன்

பெட்டியில் முக்கால்வாசி பூட்டிய நிலையில் வரும். மீதி உங்கள் பாடு. ஃபோர்க்கை முன்பின்னாக மாட்டி ஓட்டுகிறவர்களைத் தெருவில் பார்க்கலாம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திருகுவது. தெரியாமல் பலம் கொடுத்தால் கிராங்கின் மரையே போய்விடும். தெருமுனை அண்ணனிடம் கொண்டுபோனால் கூலி வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார், “வாங்கறது எங்கயோ, வேலை மட்டும் நம்மகிட்ட” என்ற முணுமுணுப்போடு. அவர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. வேலை நன்றாகத் தெரிந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

பில் போடும்போது

சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலையையே சொல்கிறார்களா என்று பில்லில் வரி வரியாகப் பாருங்கள். “பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கறேன்” என்றால் உத்தரவாதமும் சேர்ந்தே குறைகிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற அட்டையைக் கண்டு மிரள வேண்டாம். பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனசு மாறிவிட்டது என்பதற்கு இது உதவாது. ஃப்ரேமில் விரிசல், நெளிந்த ரிம் என்றால் உதவும்.

பேரம் பேசுவதானால் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, உபரி ஹேங்கர் ஒன்று, டியூப் ஒன்று, ஒரு மாதம் கழித்து உங்கள் கண்முன்னே ஒரு சர்வீஸ் என்று கேளுங்கள். சர்வீஸை பில்லின் பின்பக்கத்தில் எழுதி, கடை முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.