கிரப்ஸ் இரண்டாம் தலைமுறை வினையூக்கி: வளையம் மூடும், கறை விடும்

ஒரு கிராம் குப்பி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்புத் தூள், பார்த்தால் செங்கல் பொடிதான். உள்ளே இருப்பது ருத்தேனியம், விலை கையைக் கடிக்கும்.

என் வேலை 14 அணு வளையம் ஒன்றைக் கட்டுவது. சங்கிலியின் இரு முனையிலும் இரட்டைப் பிணைப்பு; வினையூக்கி அவ்விரண்டையும் கோத்து வளையமாக்கும், மிச்ச முனைகள் எத்திலீன் வாயுவாகக் கழன்றுவிடும். 1 மில்லிமோல் சங்கிலிக்கு 42 மில்லிகிராம் வினையூக்கி, அதாவது 5 மோல் சதவீதம். கரைப்பான் டைகுளோரோமீத்தேன் 200 மில்லி. முதல் தடவை கஞ்சத்தனமாக 20 மில்லியில் செய்தேன். மூலக்கூறுகள் தன் வாலைப் பிடிக்காமல் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டன, குடுவையில் பசைதான் மிஞ்சியது. அடுத்த தடவை 200 மில்லியில், 40 டிகிரியில் மூன்று மணி நேரம், எத்திலீன் வெளியேற ஆர்கானை மெல்ல ஓடவிட்டேன். வினை முடிந்ததா என்று பார்க்கும் டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) தட்டில் தொடக்கப் பொருளின் புள்ளி போயே போச்சு!

குறை? நிறம். சுத்தம் செய்ய சிலிக்கா பத்தியில் இறக்கியும் விளைபொருள் காபி டிகாக்‌ஷன் மாதிரியே வருகிறது. எத்தில் வினைல் ஈதர் விட்டு வினையை நிறுத்தி, அப்புறம் கரித்தூளோடு கலக்கி வடிகட்டினால் பரவாயில்லை. சில சமயம் இரட்டைப் பிணைப்பு ஓர் அணு தள்ளி நகர்ந்து, வளையம் 13 ஆகச் சுருங்கிவிடும். கொஞ்சம் பென்சோகுவினோன் சேர்த்தால் அடங்குகிறது.

1999-இல் வந்த சரக்கு. கிரப்ஸ் 2005-இல் நோபல் பகிர்ந்தபோது உடன் வாங்கிய ஷ்ராக்கின் மாலிப்டினம் வகை போல இது காற்றைக் கண்டு சிணுங்குவதில்லை. திறந்த மேசையிலேயே எடை போடுகிறேன். கரைத்து வைத்தால் மட்டும் கெட்டுவிடும். ஐந்துக்கு நான்கு.