பழைய டிரெய்லருக்கு எதை முட்டுக் கொடுப்பது: சிசர் ஜாக்கா, ஹாலோ பிளாக்கா, திருகு ஸ்டாண்டா?

மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 1972 மாடல் ஏர்ஸ்ட்ரீம் ஓவர்லேண்டர் ஒன்று நிற்கிறது, வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீடு போன்ற டிரெய்லர், 27 அடி நீளம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா ஆறு மாதம் தங்குவதற்காக அதை அறையாக்கினோம். முதல் வாரமே அப்பா சொன்னார், "ராத்திரி உங்கம்மா புரண்டு படுத்தா ரயில் பெர்த்துல கிடக்கிற மாதிரி இருக்குப்பா." போய்ப் பார்த்தேன், நான் நடந்தாலே மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீர் தளும்பியது. அப்போது நான்கு மூலையிலும் சிசர் ஜாக், அதாவது திருகினால் கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் சின்ன ஜாக், அது மட்டும்தான் போட்டிருந்தேன்.

சிசர் ஜாக் இரண்டு மூன்று நாள் முகாமுக்குப் போதும். அது ஆட்டத்தைக் குறைக்கத்தான், எடையைத் தாங்க அல்ல. ஆட்டம் நிற்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சுற்றத் தோன்றும், அதுதான் ஆபத்து. 70களின் நீளமான ஏர்ஸ்ட்ரீம்களில் பின்பக்கத்தில் மேல்கூடும், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸும் பிரிந்துபோவது பலரும் அறிந்த குறை. அந்த வாலைப் பிடித்துத் தூக்கினால் இருக்கிற பிடிப்பும் போய்விடும்.

ஹாலோ பிளாக் மலிவு, நன்றாகத் தாங்கும். ஓட்டை மேலே பார்த்தபடி நிறுத்த வேண்டும், படுக்கவைத்தால் வெடிக்கும். மேலே ஒரு மரப்பலகை வேண்டும். பனி உறையாத ஊரில், காங்கிரீட் தளத்தின் மேல் என்றால் நானே இதைத்தான் போடுவேன்.

எங்கள் ஊர் அப்படி இல்லை. இங்கே வீட்டு அஸ்திவாரத்தை 42 அங்குல ஆழத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், அவ்வளவு ஆழம்வரை மண் உறையலாம் என்பதால். டிரெய்லரோ தரைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. களிமண்ணில் தேங்கும் ஈரம் உறைந்து மண்ணையே மேலே தூக்குகிறது, அதுவும் ஒரே அளவில் இல்லை, வசந்தத்தில் வெயில் படும் பக்கம் முதலில் இளகி இறங்கிவிடும், நிழல் பக்கம் இன்னும் உயரத்திலேயே நிற்கும். முதல் மார்ச்சில் குளியலறைக் கதவு சாத்தவே வரவில்லை, ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கதவை இழைத்துச் சரிசெய்யலாம், கேஸில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜை என்ன செய்வது? அதற்குள் அம்மோனியா கலவை தானாக வழிந்து கீழே வந்துதான் சுற்றுகிறது, சாய்ந்த நிலையில் ஓடவிட்டால் நாளடைவில் குழாய் அடைத்துவிடும்.

ஆக, ஒவ்வொரு வருடமும் திரும்ப மட்டம் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒரு வேலைதான். பிளாக் என்றால் வண்டியைத் தூக்கி, பலகையை உருவி, ஆப்பு செருகி, இறக்கி, மறுபடி பார்த்து, போதாமல் மறுபடி தூக்கி, சேற்றில் படுத்தபடி ஒரு சனிக்கிழமை பகல் முழுக்கப் போனது. இப்போது இருப்பது மொபைல் ஹோம்களுக்கு (தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து வைக்கும் வீடுகள்) அடியில் வைக்கும், திருகுத் தலை உள்ள இரும்பு ஸ்டாண்ட். அச்சுகளுக்கு முன்னும் பின்னும், இரண்டு பக்கமும் சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் ஒவ்வொன்று, மொத்தம் நான்கு. ஜல்லி கொட்டி இடித்து, அதன்மேல் தடித்த பலகை, அதன்மேல் ஸ்டாண்ட். பாட்டில் ஜாக்கால் (பாட்டில் வடிவ ஹைட்ராலிக் ஜாக்) நூலளவு தூக்கி, நட்டைக் கால் சுற்றுத் திருப்பி இறக்கினால் முடிந்தது, நான்குக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அச்சுக் குழாயில் மட்டும் ஜாக்கை வைத்துவிடாதீர்கள், வளைந்துவிடும்.

இன்னொரு லாபம். ஏர்ஸ்ட்ரீம் அச்சுக்குள் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் தண்டுகள். வருடக்கணக்கில் எடையோடு நின்றால் ரப்பர் நசுங்கிய வாக்கிலேயே இறுகிப்போகும். சேஸிஸுக்கு முட்டுக் கொடுத்தால் பெரும்பாலான எடை அச்சிலிருந்து விலகும். பிளாக்கும் இதைச் செய்யும், அதை மறுக்கவில்லை.

டயரைக் கழற்றவில்லை, தரையைத் தொட்டபடி விட்டு முட்டுக்கட்டை போட்டிருக்கிறேன். சிசர் ஜாக்கையும் மூலைகளில் லேசாக முட்டும் அளவுக்கு வைத்திருக்கிறேன், கடைசி ஆட்டம் அதில்தான் நின்றது.

நான் பார்த்தது இரண்டு குளிர்காலம்தான், அதுவும் மரங்கள் சூழ்ந்த கொல்லையில். புயல் வரும் கடலோரம் என்றால் இந்த முட்டு எதுவும் காற்றுக்கு நிற்காது, மண்ணில் திருகும் ஆங்கரும் பட்டையும் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். கார் பழுதுபார்க்கும் ராட்செட் ஸ்டாண்டை வாங்கிவிடாதீர்கள், அது பல் பல்லாகத்தான் ஏறும், கால் சுற்று நுணுக்கம் அதில் கிடைக்காது.