‘240 டிபி’ என்று விற்கப்பட்ட ஆல் ஃபிளாஷ் ஸ்டோரேஜ்: வாங்கவிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வர், ஸ்டோரேஜ் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு ‘240 டிபி’ (டெராபைட்) என்று சொல்லி விற்கப்பட்ட ஆல் ஃபிளாஷ் ஸ்டோரேஜில், அதாவது ஃபிளாஷ் டிரைவ்கள் மட்டுமே கொண்ட தரவுச் சேமிப்புக் கருவியில், 84 டிபிக்கு மேல் எங்கள் தரவை வைக்க இடமில்லை. கூடுதல் இடம் கேட்டபோது சொல்லப்பட்ட விலை, அதன்மேல் ஏற்றப்பட்ட லைசென்ஸ், மூன்றாண்டு முடிந்ததும் வந்த சப்போர்ட் கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டினால் முதலில் கொடுத்த தொகையைத் தாண்டுகிறது. விற்பனையாளருக்கு மருத்துவமனையின் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருப்பதால், விற்றவர் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அதே நடையில் எழுதப்பட்ட கொட்டேஷன் இப்போது வேறொரு மருத்துவமனையின் மேசையிலோ, ஒரு கூட்டுறவு வங்கியின் மேசையிலோ கையெழுத்துக்குக் காத்திருக்கக்கூடும் என்பதால், நடந்ததைக் கணக்கோடு எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டிருந்தது, அன்றைய தரவுக்கும் அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சிக்கும் போதுமான 150 டிபி. ஸ்கேன் படங்கள் எவ்வளவு, தரவுத்தளம் எவ்வளவு, அதில் எது என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்யப்பட்டது என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்திருந்தோம். வந்த கொட்டேஷனின் முதல் வரி இது: ‘ஆல் ஃபிளாஷ் என்விஎம்இ, இரட்டைக் கன்ட்ரோலர், 12 x 7.68 டிபி, எஃபெக்டிவ் கெப்பாசிட்டி 240 டிபி வரை’. எஃபெக்டிவ் கெப்பாசிட்டி என்பது, தரவைச் சுருக்கி எழுதினால் கொள்ளும் அளவு. கடைசிச் சொல்லான ‘வரை’யின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அதற்கான விளக்கம் கொட்டேஷனின் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் தரவு விவரத்தைப் பார்த்த பிறகு நடந்த கூட்டத்தில், “சார், ஃபோர் இஸ் டு ஒன் கண்டிப்பா கிடைக்கும், கம்பெனியே கேரண்டி கொடுக்குது” என்று அவர்களது ப்ரீசேல்ஸ் பொறியாளர் சொன்னது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதிவாகியுள்ளது. நான்கு டிபி தரவு சுருங்கி ஒரு டிபி இடத்தில் அடங்கும் என்பது அதன் பொருள். போட்டியிட்ட மற்ற இரு நிறுவனங்கள் டிரைவில் உண்மையாகக் கிடைக்கும் இடத்தை மட்டுமே காட்டியிருந்தன. டிபி ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்கும் கொள்முதல் குழுவின் அட்டவணையில் அவர்கள் இருவரும் விலை அதிகமானவர்களாகத் தெரிந்து தோற்றுப்போனார்கள். நேர்மையாகக் கணக்குக் காட்டியதற்காக ஒருவர் ஒப்பந்தத்தை இழக்கிறார் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த 240 எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். பன்னிரண்டு டிரைவையும் கூட்டினால் 92.16 டிபி. டிரைவ் பழுதானால் தரவை மீட்பதற்கான பேரிட்டிக்கு இரண்டு டிரைவின் இடமும், பழுதான டிரைவுக்கு மாற்றாக ஒதுக்கிவைக்கும் ஸ்பேருக்கு ஒன்றின் இடமும் போய்விடுவதால் மிஞ்சுவது 69.12. டிரைவ் தயாரிப்பவர் ஒரு டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். ஸ்டோரேஜின் மென்பொருளும் சர்வரும் 2இன் 40ஆம் அடுக்கை, அதாவது ஏறத்தாழ 1,09,951 கோடி பைட்டை, ஒரு டெராபைட் என்று எண்ணுகின்றன. இந்த வேறுபாட்டில் மட்டும் 69.12 என்பது 62.86 ஆகிறது. கருவி தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் கையில் நிற்பது 60. அதை நான்கால் பெருக்கியதே அந்த 240. ஆகவே நாங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள் 60 டிபி மட்டுமே. மீதி 180 டிபி ஓர் எதிர்பார்ப்பு. அந்த 60ஐயும் விளிம்புவரை நிரப்ப முடியாது. ஃபிளாஷில் பழைய தரவின்மேல் நேரடியாக எழுத இயலாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுத முடியும் என்பதால், காலியிடம் குறையக் குறைய அந்த வேலை கூடி வேகம் இறங்கும்.

நான்குக்கு ஒன்று என்பது எல்லா இடத்திலும் பொய் அல்ல. ஒரே விண்டோஸ் சர்வரின் நூறு நகல்கள் ஓடும் இடத்தில், திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை ஒரே முறை எழுதிவைக்கும் டீடூப்ளிகேஷனும் தரவைச் சுருக்கும் கம்ப்ரெஷனும் சேர்ந்து அந்த அளவைத் தாராளமாகத் தரும். எங்கள் தரவு அப்படிப்பட்டது அன்று. சிடி, எம்ஆர்ஐ படங்களை ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டும் எங்கள் பாக்ஸ் (PACS) மென்பொருள் ஜேபெக் 2000 முறையில் ஏற்கெனவே சுருக்கித்தான் எழுதுகிறது. சுருக்கியதை இன்னொரு முறை சுருக்க ஒன்றும் இருக்காது. நோயாளி விவரங்கள் உள்ள தரவுத்தளமோ, தரவுத்தள மென்பொருளே தன் கோப்புகளைக் குறியாக்கம் செய்யும் டிடிஈ (TDE) முறையில் என்கிரிப்ட் செய்யப்பட்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கியதைக் கண்ட பிறகு எங்கள் நிர்வாகம் எடுத்த முடிவு அது. என்கிரிப்ட் செய்த தரவு ஸ்டோரேஜின் கண்ணுக்கு ஒழுங்கற்ற பைட்டுகளாக மட்டுமே தெரியும். அதில் டீடூப்ளிகேஷனும் கம்ப்ரெஷனும் ஒன்றும் செய்ய இயலாது. எங்களுக்குக் கிடைத்தது 1.4க்கு ஒன்று. அறுபதை அதனால் பெருக்கினால் 84.

இதைச் சுட்டிக்காட்டியபோது விற்பனையாளர் தரப்பிலிருந்து மின்னஞ்சலில் வந்த பரிந்துரையைப் படித்துத் திகைத்தேன்: டிடிஈயை நிறுத்திவிடுங்கள், ஸ்டோரேஜுக்குள் இருக்கும் என்கிரிப்ஷனே போதும் என்றார்கள். ஸ்டோரேஜ் தரவைச் சுருக்கிய பிறகு என்கிரிப்ட் செய்வதால் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அது டிரைவைக் கழற்றிச் செல்பவரிடமிருந்து மட்டுமே காக்கும். சர்வருக்குள் நுழைந்து தரவுத்தளக் கோப்பை நகலெடுப்பவரைத் தடுக்காது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன்படி, உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தங்கள் கொட்டேஷனில் இருந்த ஓர் எண்ணைக் காப்பாற்றுவதற்காக நோயாளிகளின் விவரங்களைத் திறந்து வைக்கச் சொன்னதை என்னால் மன்னிக்க இயலாது.

கேரண்டியின் நிலை இன்னும் மோசம். அதன் முழு வாசகத்தை நாங்கள் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நட்சத்திரக் குறியின் விளக்கம் அதில்தான் இருந்தது: ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகள், ஸ்டோரேஜுக்கு வரும் முன்பே என்கிரிப்ட் செய்யப்பட்டவை, படம், ஒலி, காணொலி ஆகியவை கேரண்டியில் சேராது. மேலும், நிறுவுவதற்கு முன் வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட்ட தரவு விவரப் படிவத்தை அனுப்பிப் பதிவு செய்திருந்தால் மட்டுமே கேரண்டி உயிர்பெறும். எங்கள் சீரியல் எண்ணின் பெயரில் அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று தயாரிப்பு நிறுவனம் எழுத்தில் பதில் தந்தது. படிவத்தை அனுப்பியிருந்தால் அது மறுக்கப்பட்டிருக்கும். மறுக்கப்பட்டிருந்தால் பர்ச்சேஸ் ஆர்டர் கிடைத்திருக்காது. விற்பனையாளர் அதை அனுப்பாமல் விட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிறுவி முடித்ததும் அவர்கள் தந்த ஒப்படைப்பு அறிக்கையில், ஸ்டோரேஜின் முகப்புத் திரை அச்சிடப்பட்டிருந்தது. பெரிய பச்சை எழுத்தில் ‘8.1 : 1’. அந்த எண்ணுக்குள் தின் ப்ரொவிஷனிங்கும், தரவின் ஒரு நேரத்து நிலையைக் குறித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் அடக்கம். அதாவது 10 டிபிக்கு ஒரு வால்யூமை (சர்வருக்கு ஒதுக்கும் பகுதியை) உருவாக்கி அதில் 1 டிபி மட்டும் எழுதியிருந்தாலும், எழுதப்படாத 9 டிபியைக் கருவி தன் சேமிப்பாகக் காட்டுகிறது. அந்த எண்ணின்மேல் கிளிக் செய்தால் விரியும் பட்டியலில் டீடூப்ளிகேஷனும் கம்ப்ரெஷனும் மட்டும் தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது அந்த வரி ஒன்றைத்தான். அதில் அன்றே 1.4 என்று இருந்தது. கடைசித் தவணைக்கான கையெழுத்தை அவர்கள் கேட்டது முகப்புத் திரையின் அச்சைக் காட்டி.

இரண்டாம் ஆண்டில் இடம் தீர்ந்தது. கூடுதல் டிரைவுக்குக் கொட்டேஷன் கேட்டோம். டிபி ஒன்றின் விலை முதல் கொள்முதலைப்போல் மூன்று மடங்காக வந்தது. சந்தையில் ஃபிளாஷ் விலை ஏறிவிட்டது என்றார்கள். 2023இல் சரிந்து கிடந்த ஃபிளாஷ் விலை 2024இல் ஏறியது உண்மை. ஆனால் பெரும்பங்கு அதனால் வந்ததன்று. முதல் கொள்முதலில், போட்டியாளரை விலக்குவதற்காகத் தயாரிப்பு நிறுவனம் தரும் சிறப்புத் தள்ளுபடி இருந்தது. கருவி ரேக்கில் ஏறிய பிறகு போட்டியாளர் யாரும் இல்லை. அதே மாடல் டிரைவை வெளியில் பாதி விலைக்கு வாங்க முடியும் என்றாலும், தயாரிப்பு நிறுவனத்தின் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாத டிரைவை, கருவியை இயக்கும் கன்ட்ரோலர் ஏற்காது. டிரைவ் விலைக்கு மேல், கூடும் ஒவ்வொரு டிபிக்கும் லைசென்ஸ், அந்த லைசென்ஸுக்குத் தனியாக சப்போர்ட், எல்லாவற்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

ரெப்ளிகேஷன் லைசென்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருப்பூர்க் கிளையில் அதே மாடல் ஒன்றை வைத்து, தரவுத்தளத்தை மட்டும் அங்கே நகலெடுப்பதே எங்கள் திட்டம். நகலெடுக்க வேண்டியது 6 டிபிதான். ஆனால் லைசென்ஸ் கணக்கிடப்படுவது நகலெடுக்கும் தரவின் அளவில் அல்ல. கருவியில் உள்ள மொத்த டிரைவ் அளவில். அதுவும் இரு முனைகளிலும். விற்கும்போது 240 என்று பெருக்கிக் காட்டியவர்கள், லைசென்ஸ் என்று வந்ததும் பேரிட்டி, ஸ்பேர் எதையும் கழிக்காமல் 92.16 டிபிக்கு இரண்டு முறை கட்டணம் கேட்டார்கள். முதல் கொட்டேஷனில் ‘ரெப்ளிகேஷன் வசதி உண்டு’ என்று மட்டும் இருந்தது. வசதி உண்டு என்பதும் லைசென்ஸ் உட்பட என்பதும் ஒன்றல்ல என்று கூட்டத்தில் எங்களுக்கே விளக்கினார்கள்.

இப்போது சப்போர்ட். விலையில் அடங்கிய மூன்றாண்டு முடிந்து, நான்காம் ஆண்டு ஒன்றுக்கு மட்டும் கேட்கப்பட்ட தொகை, கருவியின் முதல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடைவெளி விட்டுப் பிறகு சேர்ந்தால், விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், மறுசேர்க்கைக் கட்டணம் தனி. சப்போர்ட் இல்லாமல் ஓட்டிவிடலாமே என்று கணக்குப் பிரிவினர் கேட்டார்கள். சாலிட் ஸ்டேட் டிரைவ் விஷயத்தில் அது ஆபத்து. 2019 நவம்பரில் சர்வர், ஸ்டோரேஜ் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது: குறிப்பிட்ட சில டிரைவ்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், அதிலுள்ள தரவை மீட்க முடியாது. அடுத்த ஆண்டு மார்ச்சில் 40,000 மணி நேரத்தில் செயலிழக்கும் வேறு சில டிரைவ்களுக்கு இன்னோர் அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் இயக்கப்பட்ட டிரைவ்கள் ஒரே நேரத்தில் போகும்போது எந்தப் பேரிட்டியும் காப்பாற்றாது. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு எங்கள் கருவிக்கு சப்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. மறுக்க முடியாது என்று தெரிந்தே நிர்ணயிக்கப்பட்ட விலை அது. பணத்தைக் கட்டினோம்.

இதிலிருந்து வெளியேற வழி என்று அதே விற்பனையாளர் சர்வருக்குள்ளேயே டிரைவை வைக்கும் விசான் முறையை முன்வைத்தார்; ஒரே சர்வரில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரின் தயாரிப்பு அது. அங்கும் கேள்வி ஒன்றே: எதை எண்ணி லைசென்ஸ் போடுகிறார்கள்? பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு, 2023 டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தாவாகிவிட்டது; விஎம்வேர் தொகுப்புகளுக்கு ப்ராசஸர் கோர் எண்ணிக்கையில், ப்ராசஸர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர் என்றும், அவற்றில் அடங்கியதற்கு மேல் வேண்டும் விசான் இடத்துக்கு டிபி அளவிலும் கணக்கிடுகிறார்கள். அதை இப்போதைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

கொட்டேஷன் கையில் இருப்பவர்கள், பேரிட்டியும் ஸ்பேரும் கழிந்து, டீடூப்ளிகேஷன் எதையும் சேர்க்காமல், 2இன் 40ஆம் அடுக்குக் கணக்கில் எத்தனை டிபி கிடைக்கும் என்பதை விற்பனையாளரின் லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்குங்கள். ஒப்பீட்டு அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் இடுங்கள். நான்காம், ஐந்தாம் ஆண்டு சப்போர்ட் தொகையையும், கூடுதல் டிரைவின் விலை உச்சவரம்பையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதச் செய்யுங்கள். ஒவ்வொரு லைசென்ஸும் எந்த அளவின் மேல் கணக்கிடப்படுகிறது, காலவரையறை உண்டா என்று வரிக்கு வரி கேளுங்கள். கேரண்டி என்று வாயால் சொன்னால், உங்கள் சீரியல் எண்ணோடு தயாரிப்பு நிறுவனத்திடமிருந்தே வந்த பதிவு உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.

எங்கள் நோட்டீஸுக்கு விற்பனையாளர் அளித்த பதிலில், ‘வரை’ என்ற சொல் இருப்பதால் வாக்குறுதி எதுவும் மீறப்படவில்லை என்று வாதிட்டிருக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனமோ, நல்லெண்ண அடிப்படையில் நான்கு டிரைவ்களை இலவசமாகத் தர முன்வந்திருக்கிறது. அவற்றுக்கான லைசென்ஸையும் சப்போர்ட்டையும் நாங்கள் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நிர்வாகம் அதை ஏற்கவில்லை. கூட்ட மினிட்ஸையும், டிடிஈயை நிறுத்தச் சொன்ன மின்னஞ்சலையும் இணைத்து வழக்குத் தொடுக்கும் ஏற்பாடு நடக்கிறது.