இரண்டரை ஆண்டுப் பழைய பெட்ரோலும் எங்கள் மாருதி 800-உம்

காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் நிற்கும் எங்கள் மாருதி 800, 1997ஆம் ஆண்டுப் பதிவு, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி. பார்வை மங்கி அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு அது என் பொறுப்புக்கு வந்தது. நான் இருப்பதோ சென்னையில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனால் எடுப்பேன். விற்றுவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை. ஏன் விற்கவில்லை என்று எழுத ஆரம்பித்தால் பெட்ரோலைப் பற்றி எழுத இடம் இருக்காது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது டேங்கில் பாதிக்குச் சற்று மேல் பெட்ரோல் இருந்தது. அடுத்து வண்டியைச் சாலைக்கு எடுக்க நேர்ந்தது 2022 ஆகஸ்டில், பதிவைப் புதுப்பிக்க. (அந்த ஏப்ரலில்தான் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆகியிருந்தது. நம் நேரம்!) இடையில் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட ஏற்பாடு செய்திருந்தார் அம்மா. ஏழெட்டு மாதம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. பேட்டரிதான் போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, புதிய பேட்டரியோடு போய் இறங்கினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

வந்த மெக்கானிக் பானட்டைத் தொடவே இல்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தார். "தம்பி, இது பெட்ரோல் வாடை இல்லை, வார்னிஷ் வாடை" என்றார். டேங்கைக் கழற்றி இறக்கி, கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே கடுந்தேநீர் நிறம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு கலங்கல் அடுக்கு.

பெட்ரோல் என்பது ஒரே திரவம் அல்ல, பல திரவங்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினை முதலில் பற்றவைக்கிறது. வண்டி நிற்க நிற்க அதுதான் முதலில் பறந்துபோகிறது. மீதி காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. எஞ்சினுக்குள் போகும் முன் பெட்ரோல் தங்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருப்பது கொஞ்சமே என்பதால் அங்கே இது இன்னும் வேகம். எங்கள் வண்டியில் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வெளியேறும் ஜெட் துளைகள் இரண்டும் தேன் நிறப் படலத்தால் அடைபட்டிருந்தன. அந்த ஐந்து நிமிட ஓட்டமும் நன்மை செய்யவில்லை. எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைத்ததால், புகையோடு வந்து சைலன்சரில் தங்கிய நீர் அதை உள்ளிருந்தே அரித்துவிட்டது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பவில்லை.

அடியில் கிடந்த அடுக்கு, பெட்ரோலில் கலந்து விற்கப்படும் எத்தனாலும் (ஒரு வகைச் சாராயம்) நீரும். எத்தனால் நீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து, பம்பு உறிஞ்சும் இடத்திலேயே படிந்துவிடும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், பத்து லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லி நீர் போதும். ஆனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. காற்றின் ஈரம் மட்டும் அவ்வளவு நீரைச் சேர்த்திருக்காது. பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கொட்டகையின் அந்தப் பக்கம் ஐப்பசி மழைச் சாரல் அடிக்கும். குற்றவாளி அந்த ரப்பர்தான்.

டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய்களையும் சைலன்சரையும் மாற்றியதில் பேட்டரி விலை நீங்கலாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். பழைய பெட்ரோலை மெக்கானிக்கே உதிரிபாகம் கழுவ எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று முறைகளைப் பார்த்துவிட்டேன். முதலில் டேங்கை நிரப்பிவைத்தேன். காற்றுக்கு இடமில்லாததால் துரு பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் என் ஓட்டத்துக்கு ஒரு டேங்க் தீர ஓராண்டுக்கு மேல் ஆனது. கடைசி ஐந்து லிட்டரில் வண்டி இருமிக்கொண்டே போனது. அடுத்து, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம் வாங்கிக் கலந்தேன். புதிய பெட்ரோலில் கலந்தால் பலன் தெரிகிறது. கெட்டுப்போனதை அது மீட்காது. கலந்த பிறகு பத்து கிலோமீட்டராவது ஓட்டினால்தான் கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்.

இப்போது செய்வது இது. ஐந்தாறு லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. ஊருக்குப் போனதும் கொஞ்சம் புதிதாக ஊற்றி, பிள்ளையார்பட்டி வரை போய்வருகிறேன். சென்னைக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுகிறேன், கிண்ணம் காலியாகிவிடும். பேட்டரியின் ஒரு முனையையும் கழற்றிவிடுவேன். கிண்ணத்தைக் காயவிட்டால் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் சுருங்கும் என்று மெக்கானிக் முணுமுணுக்கிறார். இதுவரை சுருங்கவில்லை. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம்: அவற்றில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான்.

ஊரடங்குக்கு முந்தைய பெட்ரோலுக்கும் இன்றையதற்கும் வித்தியாசம் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் 2023இல் வரத் தொடங்கி இப்போது பரவலாகிவிட்டது. 1997ஆம் ஆண்டு ரப்பரை அதற்காக யாரும் செய்யவில்லை. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை குழாயை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். பிசுபிசுத்தாலோ உப்பியிருந்தாலோ உடனே மாற்றம்.

கடைசியாக எடுத்தபோது வண்டி 71 நாள் நின்றிருந்தது. சோக்கை இழுத்து, காலிக் கிண்ணம் நிரம்புவதற்காக இரண்டு முறை சற்று நீளச் சுற்ற, மூன்றாவதில் பற்றியது. பிள்ளையார்பட்டிக்கு அம்மாவும் வந்தார். திரும்பியதும் ஃபில்ட்டரைப் பார்த்தேன். அடியில் மெல்லிய செம்பழுப்புத் தூள். டேங்கைப் பெரும்பாலும் காலியாக வைப்பதற்கு நான் கொடுக்கும் விலை அது. தீபாவளிக்குப் போகும்போது டேங்கை இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 2027இல் மறுபடி பதிவுப் புதுப்பிப்பு இருக்கிறது.