பூட்டுவதா, வாடகைக்கு விடுவதா, விற்பதா: ஓர் உறையூர் வீட்டுக் கணக்கு

பெரியம்மாவுக்கு 76 வயது. கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் இடம் பார்த்தாகிவிட்டது. அறை, சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய். திருச்சி உறையூர் வீட்டை என்ன செய்வது என்பதில்தான் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. அண்ணன் விற்கச் சொன்னார். அக்கா வாடகைக்கு விடச் சொன்னாள். பெரியம்மாவோ, "பூட்டி வைங்கடா, தீபாவளிக்கு வந்து தங்கிக்கிறேன்" என்றார். கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் மூடிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதவு நிலையில் கரையான், இறுகிப்போன மோட்டார், மாடியில் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். சொத்து வரி மட்டும் தவறாமல் வரும். இதைவிடப் பெரிய பயம், ஆள்மாறாட்டம் செய்து யாராவது பத்திரம் பதிந்துவிடுவது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பூட்டி வைப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ஆனாலும் இந்த வழியில் ஒரு நியாயம் உண்டு. புது இடம் பிடிக்காமல் இரண்டே மாதத்தில் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகைக்கு விட்டால்? அந்தத் தெருவில் 14,000 கிடைக்கும். வீட்டின் மதிப்பு சுமார் 80 லட்சம் என்பதால், வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வருமானம். வரிக் கணக்கில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு என்பது ஓர் ஆறுதல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். 11 மாத ஒப்பந்தம் போட்டால் போதும் என்பது பழைய பழக்கம். எல்லாம் செய்தாலும் மாதம் 26,000 துண்டு விழும். பெரியம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 22,000. மீதியைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். குழாய் உடைந்தால் போனை எடுக்க உள்ளூரில் ஒரு ஆளும் வேண்டும்.

விற்பதில்தான் கணக்கு நீளம். வீடு 1994-ல் வாங்கியது. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 8 லட்சம் என்று வையுங்கள். 80 லட்சத்துக்கு விற்றால் லாபம் 72 லட்சம், 12.5 சதவீத வரி 9 லட்சம், அந்த வரியின் மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், அடக்க விலையை விலைவாசி உயர்வுக்கேற்ப ஏற்றிக் கணக்கிட்டு 20 சதவீதம் கட்டும் பழைய வழியும் திறந்திருக்கிறது. எங்கள் கணக்கில் அது கிட்டத்தட்ட 10 லட்சம் வந்தது. எல்லோருக்கும் இப்படியே வராது, இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

லாபத்தை வேறு வீட்டில் போட்டால் வரிவிலக்கு உண்டு. முதியோர் குடியிருப்பில் வீட்டை விலைக்கு வாங்கினால் அது பொருந்தும். டெபாசிட் கட்டியோ மாத வாடகைக்கோ இடம் எடுத்தால் வீடு வாங்கியதாகாது. இதை விற்ற பிறகு தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரி போகக் கையில் சுமார் 70 லட்சம் நிற்கிறது. 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்கும், மீதியை வங்கியில் 7 சதவீதத்துக்கும் போட்டால் மாதம் 43,000-க்கு மேல். அண்ணன் சொன்னது சரிதான், பார்த்தீர்களா? ஆனால் வட்டி அப்படியே நிற்கும், குடியிருப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறும்.

நடுவில் ஒரு உறவினர், "பையன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க, அவன் பணம் கட்டுவான்" என்றார். அதாவது, உயிரோடு இருக்கும்போதே சொத்தை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் எழுதுவதற்குச் செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் எழுதிய செட்டில்மென்ட்டை நினைத்தபோது ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறது. ஆனால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால் வழக்கு இழுக்கும். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். நான் உயில் கட்சி.

வீட்டை வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் பற்றியும் கேட்டார்கள். அந்த வீட்டிலேயே வசிப்பவர்களுக்கான திட்டம் அது. நிரந்தரமாக வேறிடம் போய்விட்டால் கடனை அடைக்க வேண்டிய நேரம் வந்துவிடும். முதியோர் குடியிருப்புக்குப் போகிறவருக்கு உதவாது.

இந்தக் கணக்குகளையெல்லாம்விட என்னை உறுத்தியது கையெழுத்து. விற்பதானால் பெரியம்மா விவரம் புரிந்து கையெழுத்திட வேண்டும். "பவர் வாங்கி வெச்சுக்கலாம்" என்பார்கள், அதாவது அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம். எழுதிக் கொடுத்தவருக்கு மறதிநோய் முற்றிச் சுயநினைவு போய்விட்டால் அந்தப் பவரும் செல்லாது. அப்புறம் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். வாடகைக்கு விட்டுக் காத்திருப்பது செலவில்லாத வழி போலத் தெரிவது இதனால்தான் ஏமாற்றும்.

கடைசியில் அக்கா சொன்னபடி ஒரு வருடம் வாடகை, அதற்குள் கோவை பிடித்துவிட்டால் அண்ணன் சொன்னபடி விற்பனை என்று முடிவாயிற்று. தேதியையும் குறித்துவிட்டோம். அதற்குள் பட்டாவைப் பெரியப்பா பெயரிலிருந்து மாற்றுகிற வேலை என்னுடையது. மாடி அறையை மட்டும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கவில்லை. அதன் சாவி பெரியம்மாவின் கைப்பையில் கோவைக்குப் போயிருக்கிறது.